கோனில் சுற்றிய நூல்

பல்லடம்,
ஞாயிறு ராத்திரி

சாமி,

காலையில் வீடியோவில் நீ சாசேஜைப் பொரித்துக்கொண்டே சொன்னது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "அப்பாவுக்கு வந்தது ஜீன்லயே இருந்தா எனக்கும் வரத்தானேம்மா போகுது, எதைத் தின்னா என்ன?" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவைப் பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்த அன்று உன் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, "என்னத்த ஆக்கிப் போட்டயோ" என்று கேட்டார்கள். பெத்த வயிறு, கேட்கத்தான் செய்யும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிற எனக்கே அந்தச் சொல் பல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரி ஷிப்டில் அவர் தின்ற பரோட்டாவா, நான் சமைத்ததா என்று தேடித் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஒரு மனுசனுக்கு எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. செல் பிரியும்போது தற்செயலாக விழுகிற பிழையும் இருக்கிறது. பரம்பரையாக வருகிற பழுதான ஜீனால் உண்டாவது நூற்றில் ஐந்து முதல் பத்து புற்றுநோய்தான்.

நம் தறிக்கூடத்தில் நூல் சுற்றி வைக்கிற கோனை நினைத்துப் பார். சின்ன வயசில் நீ நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் வரை ஓடுவாய். இறுகச் சுற்றிய கோனில் நூல் வராது, அறுந்துபோகும். ஜீன்கள் எழுதியிருக்கிற டிஎன்ஏ இழையும் அப்படித்தான். ஒரு செல்லுக்குள் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக் கிடக்கிறது. இறுகின இடத்தில் இருக்கிற ஜீனை செல்லால் வாசிக்க முடியாது, தளர்ந்த இடத்தில் வாசிக்கலாம். எழுத்து மாறாது, சுற்று மாறும். அந்தச் சுற்றில் சாப்பாட்டுக்கும் கை இருக்கிறது.

கொள்ளு, கம்பு, தட்டப்பயிறு, கீரை எல்லாவற்றிலும் இருக்கிற நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தரும். குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்தால், அது உட்கருவுக்குள் போய், சுற்றை இறுக்குகிற நொதியைத் தடுக்கிறது. வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிற ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. அழற்சியையும் தணிக்கிறது. காலில் முள் குத்தினால் வீங்கி நாலு நாளில் வற்றிவிடும், அது நல்ல அழற்சி. உள்ளே குடலில் வருசக்கணக்கில் வற்றாமல் இருந்தால், செல்கள் ஓயாமல் பிரியும், பிழை விழுகிற வாய்ப்பும் கூடும்.

2015-இல் வெளிவந்த ஒரு ஆய்வை வகுப்பிலும் சொன்னேன். அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள்: அமெரிக்கருக்கு நார்ச்சத்து மிகுந்த மக்காச்சோளமும் பயறும், கிராமத்தாருக்குக் கொழுப்பும் இறைச்சியும். அமெரிக்கர் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஆனது, அழற்சி குறைந்தது. கிராமத்தாருக்கு நேர்மாறாகப் போனது. இரண்டு வாரத்தில் புற்றுநோய் வருவதும் போவதும் தெரியாது, அது வேறு. ஆனால் குடல் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது பார்.

சரி, ஜீனிலேயே இருந்தால்? புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிற லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைப் பழுது உள்ள 900க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை. ஒரு பாதிப் பேருக்கு, செரிக்காத வகை மாவுச்சத்து தினம் 30 கிராம் கொடுத்தார்கள். 2022-இல் வந்த முடிவு: பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. வயிறு, கணையம் போன்ற மற்ற இடங்களில் வருவது ஏறக்குறைய பாதியானது. வடித்து ஆறின சோற்றிலும் அந்த வகை மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. பழைய சோற்றைப் பார்த்து நீ முகம் சுளித்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

சாசேஜ் விஷயம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இலேயே சொல்லிவிட்டது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து, இருக்கிறதைவிட 18 சதவீதம் கூடும். எப்போதாவது தின்பதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் வேண்டாம் கண்ணு. மஞ்சள் மாத்திரையும் வாங்காதே. ஈரோட்டு மஞ்சள் நம் பெருமைதான், ஆனால் அதிலுள்ள குர்குமின் என்ற பொருள் உடம்பில் ஏறுவது ரொம்பக் குறைவு. குழம்பில் போட்டால் போதும்.

இன்னொன்று, இதைத் தட்டிக்கழிக்காதே. அப்பாவுக்கு எட்டு மாசம் மூலம் என்று சொல்லியே மருந்து கொடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் போன பிறகுதான் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி. அப்போது அவருக்கு 49 வயசு. அதனால் பத்து வருசம் முன்னாலேயே, உனக்கு 39 ஆகும்போது, அந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. அப்பாவின் கட்டியில் ஜீன் பழுது உண்டா என்று பார்க்கக் கேட்டிருக்கிறோம், ரிசல்ட் வந்ததும் அனுப்புகிறேன்.

அங்கே இந்தியக் கடையில் கொள்ளு கிடைக்கும் என்றாயே. ராத்திரி ஊறப் போடு, காலையில் குக்கரில் ஆறு விசில் விடு. தண்ணீரை வடித்து ரசம் வை, கொட்டாதே. பருப்பை வரமிளகாய், சீரகம், பூண்டு போட்டுக் கடைந்துகொள். அப்பா இப்போது அதைத்தான் ரெண்டு கரண்டி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

அம்மா