பாக்கெட்டையும் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்கினால் வெல்ல ஆலைகளில் சோதனை, கலப்படத்துக்கு வைத்திருந்த அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) மூட்டைகள் பறிமுதல் என்று வருஷம் தவறாமல் செய்தி வருகிறது. நல்ல காரியம். கவுந்தப்பாடிப் பக்கம் நாங்களும் இருபது வருஷம் ஆலை ஓட்டியவர்கள்தான். அஸ்கா கலந்த சரக்கு ஏலத்துக்கு வந்தால் நல்ல சரக்கின் விலை எப்படி இறங்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆலைவரை வருகிற அந்தக் கெடுபிடி, கடையில் அடுக்கியிருக்கும் நாட்டுச்சர்க்கரை பாக்கெட்டுக்கும் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

போன மாதம் கோவையில் மகள் வீட்டில் ஒரு பாக்கெட்டைப் பார்த்தேன். 'பாரம்பரிய நாட்டுச்சர்க்கரை, ரசாயனம் கலக்காதது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பிரித்தால், இளமஞ்சளாக, ஆற்று மணல் மாதிரி பொலபொலவென்று கொட்டுகிறது. பாகைப் பதம் பார்த்து இறக்கி, ஆற ஆறத் தேய்த்து எடுத்த சர்க்கரை அப்படி இருக்காது. பழுப்பாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும், மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே கட்டிகட்டியாகிவிடும். மகளிடம் சொன்னால், "எல்லாக் கடையிலயும் இப்படித்தானுங்கப்பா இருக்குது" என்கிறாள். வெள்ளைச் சர்க்கரை ஆகாதென்று கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கி, பேரனுக்குப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஆலைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வெளுப்பாக இருந்தால்தான் வியாபாரி விலை வைக்கிறார். அதற்காகத்தான் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனத்தைப் போடுகிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் சர்க்கரை வாங்குகிறார்கள். அங்கே தரம் பிரித்துத்தான் ஏலம் போகிறது. குழந்தை குடிக்கிற பாலில் போடும் சர்க்கரைக்கும் அந்தத் தரம் பார்க்க வேண்டாமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, லேபிளில் பொய் இருந்தால் 3 லட்சம் ரூபாய் வரையும், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் போடலாம். சோதனைக்கு எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்து 14 நாளில் பகுப்பாய்வு அறிக்கை வர வேண்டும். விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். சரி, அப்புறம்? எந்தப் பெயர் போட்ட பாக்கெட் தேறவில்லை, எவ்வளவு அபராதம் என்பது காசு கொடுத்து வாங்குகிறவர் காதுக்கு வருவதேயில்லை. மாதம் ஒருமுறை அந்தப் பெயர்களை மாவட்ட நிர்வாகம் பத்திரிகைகளுக்குக் கொடுக்கட்டும். அஸ்கா சேர்த்து விற்கிறவர்கள் அதை லேபிளில் தெரிகிற எழுத்தில் போடட்டும். வேண்டுமென்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அந்தப் பாக்கெட்டின் படத்தை நேற்று அனுப்பிவிட்டேன். அதே பாக்கெட் இன்னொன்று வாங்கிப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதிகாரிகள் வந்து கேட்டால் பில்லோடு கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பழைய ஆலைக்காரர் ஒருவர்,
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.