ஆடிக் கடலும் ஒரு துழவையும்

மக்களே,

நானும் அம்மையும் சுகம். அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மருமகனையும் சின்னவனையும் கேட்டதாகச் சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலந்தில் இருந்து போனில் சின்னவன் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "பாட்டா, டச்சுக்காரங்க உங்க ஊருல வந்து சண்டை போட்டாங்களாமே, அப்போ என்கூடப் படிக்கிற கூட்டுக்காரங்க எல்லாம் நமக்கு எதிரியா?" நான் "இல்ல மக்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி எனக்கு உறக்கமே வரவில்லை. ஏழு வயசுப் பிள்ளை நெஞ்சில் வைத்துக் கேட்ட கேள்விக்கு அப்படியா பதில் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். நீ முழுசாக வாசித்துவிட்டு, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடு.

ஜூலை 31 காலையில் நானும் அம்மையும், டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் ராஜா ஜெயித்ததன் நினைவாக நிற்கிற குளச்சல் வெற்றித்தூணுக்குப் போனோம். வலையும் கயிறுமாக அந்த வழியே எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கரையில் பிழைப்பவனுக்குக் கண் எப்போதும் கடல்மேல்தான் இருக்கும். அன்றைக்கு ராணுவத்துப் பிள்ளைகள் வந்து மலர்வளையம் வைத்து மரியாதை செய்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்காரர்கள். பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழியில் வந்த பட்டாளம் அவர்களிடம் இருக்கிறது, அதனால் இந்தத் தூண் அவர்களுக்கும் சொந்தம். அவர்கள் போன பிறகு நான் கிட்டப்போய்க் கல்லில் கைவைத்துப் பார்த்தேன். உப்புக்காற்று பட்டுப் பட்டு அந்தக் கல் கருவாட்டுத் தோல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கையை எடுத்தால் உள்ளங்கையில் ஈரப் பிசுக்கு. அம்மை சேலைத் தலைப்பால் என் கையைத் துடைத்துவிட்டாள்.

1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இலங்கையில் இருந்து கப்பலில் வந்து இந்தக் கரையில்தான் ஆள் இறக்கினார்கள். எல்லாம் நல்லமிளகுக்காக. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா தெற்கே வேணாட்டில் இருந்து வடக்கே ஒவ்வொரு நாடாகப் பிடித்துக்கொண்டு போனார். மிளகு விளைகிற நாடுகள் ஒருவர் கைக்குள் போனால் தங்கள் வியாபாரம் என்னாகும் என்று கம்பெனிக்குப் பயம். அவர்களுடைய இலங்கை கவர்னர் வான் இம்ஹோஃப் என்பவர் ராஜாவை நேரில் பார்த்து, படையெடுப்போம் என்று மிரட்டினாராம். அதற்கு ராஜா, நானும் என் வள்ளங்களையும் மீன்பிடிக்காரரையும் கூட்டிக்கொண்டு உங்கள் நாட்டுக்குப் படையெடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாராம். அந்தக் கம்பெனிக்கு ஹாலந்தில் ஆறு ஊர்களில் கிளை இருந்தது. அதில் ஒன்று நீ இப்போது இருக்கிற டெல்ஃப்ட். வாய்க்கால் கரையில் கம்பெனியின் பழைய வீடு இன்னும் நிற்கிறது என்று போன வருஷம் நீ போட்டோ அனுப்பினாயே, அதே கம்பெனிதான் மக்களே. சின்னவனைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நில்லு. இங்கே கரையிறங்கினவர்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதின கம்பெனி இதுதான் என்று காட்டு.

வந்தவர்கள் குளச்சலில் இருந்து கோட்டாறு வரைக்கும் கரையோரத்தைப் பிடித்தார்கள். ராஜாவின் தலைநகரம் பத்மநாபபுரம், இங்கிருந்து பத்துப் பதிமூன்று கிலோமீட்டர்தான். அதையும் பிடித்துவிடலாம் என்று நகர்ந்தார்கள். வடக்கே இருந்த ராஜா படையோடு திரும்பி வந்து அவர்களைக் குளச்சல் கரைக்கே தள்ளி, நாலாபக்கமும் அடைத்துவிட்டார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு.

சண்டை முடிந்த நாளை ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் சொல்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆடி மாசம். ஆடியில் நம்ம கடல் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். மேற்கே இருந்து கச்சான் காற்று இழுத்து அடிக்கும், கரையோரம் மூன்று நான்கு வரிசையாக அலை மடிந்து விழும், வள்ளம் இறக்கினால் மூக்கு நிமிர்ந்து அப்படியே மல்லாந்துவிடும். இன்றைக்கு எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளமே யோசித்துத்தான் இறங்குகிறது. அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் அரிசியும் ஆளும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியுமா? முடியாது. கரையில் இறங்கினவர்களுக்கு முன்னால் ராஜாவின் படை, பின்னால் ஆடிக் கடல். கடைசியில் ராஜாவின் பீரங்கிக் குண்டு ஒன்று அவர்களுடைய வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து, வைத்திருந்த அரிசியும் எரிந்துபோனது. பசியோடு சரணடைந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களே பயப்படுகிற கடலைப் பார்த்துக்கொண்டு, தீய்ந்த அரிசி வாசனையில், பெற்றவளை நினைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்! நானும் கரை தெரிந்தும் வந்துசேர முடியாமல் இரண்டு ராத்திரி கடலில் கிடந்தவன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

இனி துழவைக் கதை (துழவை என்றால் துடுப்பு என்று சின்னவனுக்குச் சொல்லு). உன் பாட்டா உன்னை மடியில் வைத்துச் சொன்னதுதான். ராஜாவுக்கு ஆள் பத்தாத நேரத்தில் கடலில் பிழைக்கிற நம்ம முக்குவர் ஆண்கள், ஏன் பெண்களும்கூட என்று பாட்டா சொல்வார், துழவையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக் கரை நெடுக வரிசையாக நின்றார்களாம். கப்பலில் குழல் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள், இவ்வளவு பெரிய பட்டாளமா என்று மிரண்டுபோனார்களாம். இது வாய்வழியாக வந்த கதை. எட்டாம் கிளாசில் குளச்சல் போர் பாடம் நடந்தபோது நான் எழுந்து இதைச் சொன்னேன். "அது புஸ்தகத்துல இல்ல, உக்காருல" என்றார் வாத்தியார். கிளாசே சிரித்தது. ஐம்பது வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன்னிடம்கூட. பாட்டாதான் உனக்குச் சொன்னார்.

தூணைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன் மக்களே. ராஜாவுக்கு அது வெற்றித்தூண், டச்சுக்காரனுக்குத் தோல்வித்தூண். துழவை பிடித்தவர்களுக்கு அதில் ஓர் எழுத்து இல்லை. அன்று சாயங்காலம் கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 61 நாள் மீன்பிடித் தடை முடிகிறது, விசைப்படகுகளில் ஐஸ்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாணியக்குடிப் பக்கம் இருந்து நாலு பயல்கள் நீளமான கம்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அலைவாய்க்கரை ஓரமாக நடந்து வந்தார்கள். பின்னால் வெயில் சாய்கிறது, முகம் தெரியவில்லை, தோளும் கம்பும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நான் அம்மையின் கையைப் பிடித்து, "பாரு" என்றேன். அவளும் பார்த்தாள். "சுட்டுருவானுவளோன்னுதான் தோணுது" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கொட்டில்பாட்டுப் பக்கமும் போய் மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தோம். 2004-இல் கடல் ஏறி வந்தபோது கரையோரத்து ஏவிஎம் கால்வாயில் விழுந்து மீள முடியாமல் போனவர்களில் உன்கூடப் படித்த பிள்ளைகளும் உண்டே. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வராது.

மறுநாள் பஸ் பிடித்துப் புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டைக்குப் போனேன், நான் மட்டும். சின்னவனுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது அங்கேதான் இருக்கிறது. குளச்சலில் பிடிபட்டவர்களில் டிலனாய் என்று ஓர் அதிகாரி. ராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்காரப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். முப்பது வருஷத்துக்குமேல் இந்த மண்ணில் இருந்து, உதயகிரிக் கோட்டையைத் திரும்பக் கட்டி, அங்கே பீரங்கி வார்த்து, வட்டக்கோட்டையையும் கட்டி, கடைசியில் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவர் ஆனார். வலிய கப்பித்தான் என்று ஊர் அவரைக் கூப்பிட்டது. நாம் கோட்டாறு கோயிலில் வேண்டிக்கொள்கிற புனித தேவசகாயம் அரண்மனை அதிகாரியாக இருந்தபோது விசுவாசத்தைப் பற்றிக் கேட்டு அறிந்ததும் இவரிடம்தான். 1752-இல் காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றதும் இதே ராஜாவின் ஆட்சியில்தான். ராஜாவை நான் மெச்சுகிறேன், இதையும் மறக்கமாட்டேன். இரண்டையும் சின்னவனிடம் சொல்லு, வளர வளர அவனே யோசித்துக்கொள்வான்.

டிலனாய் 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாமல் நிற்கிற சின்னக் கோயிலுக்குள் அவர் கல்லறை, பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும். நான் போனபோது ஓர் அணில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ், மக்களே! நம்மோடு சண்டைக்கு வந்தவரின் கல்லறையில் நம்ம எழுத்து. குனிந்து, விரலால் தடவித் தடவி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். சில இடம் தேய்ந்திருக்கிறது, சில இடம் நகம் இறங்குகிற அளவு ஆழமாக இருக்கிறது.

சின்னவனின் கூட்டுக்காரர்கள் எதிரிகள் இல்லை என்று இதை வைத்துச் சொல்லு. அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. அவர்களுக்கும் துழவைக் கதையைச் சொல்லச் சொல்லு, வெட்கப்படாமல், எழுந்து நின்று.

மார்கழியில் லீவு கிடைத்தால் வாருங்கள், அப்போது கடல் அடங்கியிருக்கும். பாட்டாவின் துழவை இன்னும் நம்ம வீட்டு உத்தரத்தில்தான் இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்து, கறையான் ஏறாமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் தேய்த்து வெயிலில் வைத்திருக்கிறேன். பிடிக்கிற இடத்தில் பாட்டாவின் கைபட்டுக் குழிந்த தடம் அப்படியே இருக்கிறது. சின்னவனின் தோளுக்கு அது பாரமாக இருக்கும், ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பா