ஆர்டர் போடுமுன்ன இத படிட்டி

ஏட்டி, நல்லா இருக்கியா? நீ அனுப்புன லிங்க் எல்லாத்தையும் பாத்தேன், பீட்டு வாசிக்க புஷ், மெஷீன், லாஞ்ச்பேட் மினி, எம்பிடி 218னு நாலு பேடு கண்ட்ரோலர அனுப்பிட்டு எது வாங்கட்டும்னு கேக்க. மொதல்ல கம்ப்யூட்டர்ல பாட்டு செய்ய எந்த சாஃப்ட்வேர்னு முடிவு பண்ணு, கண்ட்ரோலர் பொறவு. ஏன்னா எம்பிடி மாதிரி கண்ட்ரோலர் தானா ஒரு சத்தமும் போடாது, எந்த பேட தட்டுன, எவ்ளோ பலமா தட்டுனனு மிடிங்க இசைக்கருவி மொழி வழியா கம்ப்யூட்டருக்கு சொல்லும், அவ்ளோதான். புஷ் ஏபிள்டன் லைவ்ங்க சாஃப்ட்வேருக்குன்னே செஞ்சது, அத வாங்கிட்டு எஃப்எல் ஸ்டூடியோங்க வேற சாஃப்ட்வேர்ல உக்காந்தேன்னா பாதி பட்டன் சும்மா கெடக்கும்.

எஃப்எல் ஒருதடவ வாங்குனா அப்டேட் ஆயுசுக்கும் ஃப்ரீ, அது பெரிய விசயம், ஆனா ட்ரையல்ல சேவ் பண்ணத திரும்ப தொறக்க முடியாது பாத்துக்கோ. லைவ்னா மொதல்ல லைட்ங்க சின்ன பதிப்பே போதும், லாஞ்ச்பேட் மாதிரி கண்ட்ரோலரோட சேந்தே வரும்.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். நீ செய்யணும்ங்கது கணியான் கூத்துல அடிக்க மகுடம்ங்க தோல் பறைய வச்சு ஒரு பீட்டு. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுல விடிய விடிய கேட்டு வளந்த பிள்ளைதான நீ, கீச்சுன்னு கேக்க உச்ச மகுடமும் கனமா கேக்க மந்த மகுடமும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லும்போது எல்லா அடியும் ஒரே பலத்துலயா விழுது? மிடில அந்த பலத்துக்கு வெலாசிட்டின்னு பேரு, 1ல இருந்து 127 வரைக்கும் போகும். லாஞ்ச்பேட் மினில அது கெடையாது, மெல்ல தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தந்தான், அதனால அது உனக்கு வேண்டவே வேண்டாம். எம்பிடி 218 வாங்கு. 16 பேடு, ரப்பர் பேடு, ரோஜர் லின் 1988ல அகாய் கம்பெனிக்கு செஞ்ச எம்பிசி 60ங்க பீட்டு மெஷின்ல இருந்து வார அதே நாலுக்கு நாலு அடுக்கு, வெரலுக்கு எடமும் இருக்கு.

இன்னொண்ணு. சாஃப்ட்வேர தொறந்த ஒடனே ஒரு தாள வட்டத்த பதினாறு கட்டமா போட்டு நிக்கும், நம்மூரு அடி நெறைய மூணு மூணா எண்ணுத திஸ்ரத்துல ஓடுது, அத அந்தக் கட்டத்துல திணிச்சா நொண்டும். லைவ்ல கண்ட்ரோலும் 3ம் அமுக்குனா கட்டம் ட்ரிப்ளெட்டா, அதான் மூணு மூணா மாறிரும், அதுல வை. அடிய எல்லாம் கட்டத்துக்கு நேரா இழுத்து வைக்க குவாண்டைஸ முழுசா போட்ராத தாயி, கையில வந்த அந்த லேசான முந்தலும் பிந்தலும் போச்சுன்னா மகுடமே போச்சு.

ப்ளூடூத் ஹெட்செட்ல வாசிக்காத, தட்டுனதுக்கு பொறவுதான் சத்தம் காதுக்கு வரும், கை தடுமாறும். வயர் ஹெட்ஃபோன் போடு, விண்டோஸ்னா சத்தம் தாமதமாகாம இருக்க ஏஎஸ்ஐஓ டிரைவர் போடு, பஃபர், அதான் சத்தத்த சேத்து வச்சு அனுப்புத அளவு, 256 சாம்பிள் வச்சா கம்ப்யூட்டர் தாங்கும், செகண்டுக்கு 44100 சாம்பிள்னா அது ஆறு மில்லி செகண்டுக்குள்ளதான்.

கொடையில நான் மைக்செட் போட்டப்ப எடுத்த மகுடம் டிரைவ்ல ஏத்திருக்கேன், உச்சம் தனி மந்தம் தனி. வாட்ஸப்ல போட்டா சத்தத்த சுருக்கிருமோன்னுதான் அங்க போட்டேன். மெல்ல அடிச்சது, நடுத்தரம், ஓங்குனதுன்னு மூணா வெட்டி ஒரே பேட்ல வெலாசிட்டி வாரியா அடுக்கு. வெட்டத் தெரியலன்னா ஞாயித்துக்கெழம வீடியோ கால் போடு, நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன். அம்மை உன்ன நேரத்துக்கு சாப்பிடச் சொன்னா.