9,600-ஐ 900-ஆல் வகுப்பதற்கு ஒரு சந்தாவா?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் பயணச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். அதில் லண்டன், டோக்கியோ என்று போட்டால் தூரம் 9,600 கி.மீ., நேரடி விமானத்தில் 10 மணி 40 நிமிடம் என்று வருகிறது. தூரத்தில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வந்தது? விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்று வைத்து 9,600-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள், நிமிடம் பிசகாமல் அதே விடை. இதற்குச் சந்தா வேறு.

நிஜத்தில் அந்தப் பயணத்துக்கு இப்போது 14 மணி நேரம் போல ஆகிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளிப் பாதை அடைபட்டதிலிருந்து சைபீரியாவுக்கு மேலே குறுக்கே போக முடியாமல், போகும்போது துருக்கி, மத்திய ஆசியா, சீனா என்று சுற்றுகிறார்கள், வரும்போது பெரும்பாலும் அலாஸ்கா பக்கம் ஏறி ஆர்க்டிக் வழியாக இறங்குகிறார்கள். அதற்கு முன்பே 12 மணியை ஒட்டித்தான் ஆனது, ஆக உங்கள் எண் அப்போதும் பொருந்தியிருக்காது.

இதனால் எனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? ஜூன் மாதம் காலை 9 மணிக்கு லண்டனில் கிளம்பினால் மறுநாள் விடிகாலை 4:40-க்கு டோக்கியோ என்றது செயலி. அதை நம்பி அங்கே காலை 8 மணிக்கு ஒரு கூட்டம் பேசி வைத்தோம். டிக்கெட் எடுக்கப் போனால், 7 மணிக்குத்தான் விமானமே தரை தொடுகிறது! கூட்டத்தைத் தள்ளிப்போட அலைந்தது தனிக் கதை.

இதில் ஒரு கூத்து. பறக்கும் நேரத்தில் 3 மணி 20 நிமிடத்தை விழுங்கியிருக்கிறீர்கள், ஆனால் இறங்கும் நேரத்தில் 2 மணி 20 நிமிடம்தான் இடிக்கிறது. காரணம், பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், ஜப்பானில் அது கிடையாது, அதனால் ஜூனில் வித்தியாசம் 8 மணி நேரம். உங்கள் செயலிக்கு வருஷம் முழுக்க 9. ஒரு தப்பு இன்னொரு தப்பைக் கொஞ்சம் மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உதவி மையத்தில் கேட்டால் "காற்றைப் பொறுத்துச் சிறு மாற்றம் இருக்கலாம்" என்று பதில். சரி, காற்றையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்–லண்டன் போட்டால் போக ஒரு நேரம், வரவும் அச்சு அசலாக அதே நேரம் காட்டுகிறீர்களே! அட்லாண்டிக் மேலே ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால் லண்டன் போகிற விமானத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாகும். 2020 பிப்ரவரியில் புயல் வேகக் காற்று தள்ளிவிட்டதில் ஒரு விமானம் 5 மணி நேரத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. காற்றைச் சாக்குச் சொல்பவர்கள் கணக்கிலும் அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "பயண நேரம்" என்று போடுவதை நிறுத்துங்கள். விமான நிறுவனங்களின் கால அட்டவணையிலிருந்து எடுத்துப் போட முடியாதென்றால், வெறும் தூரத்தை மட்டும் காட்டுங்கள், போதும். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், ஏற்கெனவே அனுப்பிய அதே நகல் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய வாடிக்கையாளர்