எம்டன் கட்டுரையில் விட்டுப்போன பீரங்கிக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிய உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரையில், கரையில் இருந்த பீரங்கிக்காரர்கள் தூங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் ஏறக்குறைய 2.7 கி.மீ. தூரத்திலிருந்து, பத்து நிமிடத்துக்குள் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து 120க்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. கரையில் இருந்த பீரங்கி அணியான கிளைவ் பேட்டரியும் பதிலுக்கு 9 முறை சுட்டது, ஒன்றும் படவில்லை. எண்ணெய்த் தொட்டி நின்ற இடத்தில் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஓடும் கப்பலின் தூரத்தை எதை வைத்து அளப்பது? (கிளைவ் பேட்டரி பஸ் நிறுத்தத்தில் இறங்குகிற பலருக்கு பேட்டரி என்றால் டார்ச் லைட்தான் ஞாபகம் வரும். சில பீரங்கிகள் சேர்ந்த அணிக்கு அந்தப் பெயர்.)

அதே கட்டுரை பிரிட்டிஷ் ராணுவத் தளபதி ஆலன் புரூக்கை 'பீரங்கி சுட்டுப் பெயரெடுத்தவர்' என்று ஒரே வரியில் முடிக்கிறது. அவர் பெயரெடுத்தது பென்சிலும் வரைபடமும் கொண்டு. 1902இல் பீரங்கிப் படையில் சேர்ந்து, இந்தியாவிலும் சில ஆண்டுகள் இருந்தவர். 1914இல் பிரான்ஸில் இறங்கியபோது வெறும் லெப்டினன்ட். குண்டு ஏற்றிவரும் வண்டிகளுக்குப் பொறுப்பு. 1916இல் சோம் போர்முனையில், 18ஆம் டிவிஷனில் இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்களிடம் கற்ற முறையைக் கையில் எடுத்தார்: குண்டுகள் ஒரு திரைபோல விழுந்துகொண்டே முன்னே நகரும், காலாட்படை அதன் பின்னால் ஒட்டி நடக்கும். வரைபடத்தில் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நேரத்தை எழுதிவிடுவார்கள். 1917இல் கனடியப் படையோடு அவர் இருந்தபோது நடந்த விமி ரிட்ஜ் என்ற மேட்டின் மீதான தாக்குதலில் திரை மூன்று நிமிடத்துக்கு 100 கஜம் நகர வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு தப்பினால் இரண்டு வழியிலும் ஆபத்து. திரை முந்திப் போய்விட்டால் பதுங்குகுழிக்குள் இருந்த எதிரி வெளியே வந்து மெஷின் கன்னைப் பொருத்திவிடுவான். பிந்தினால் சொந்த ஆட்கள் தலையில் விழும். பீரங்கிக் குழல் தேய்ந்தால் குண்டு குறைந்த தூரமே போகும். குளிரில் வெடிமருந்து மெதுவாக எரிந்தாலும் அப்படித்தான். எதிர்க்காற்று வேறு. சேற்றில் சக்கரம் புதைந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் குறி நகரும். ஒவ்வொன்றுக்கும் கோணத்தைத் திருத்த வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் டன்கர்க் கடற்கரை வரை பின்வாங்கிய ஒரு படைப்பிரிவை (கோர்) நடத்தியவரும், 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவரும் இதே ஆலன் புரூக்.

இன்னொன்று: 1914 பீரங்கி என்று நீங்கள் போட்ட படம் 25 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கி. அது முதல் உலகப் போர் முடிந்து இருபது வருஷத்துக்குப் பிறகே படைக்கு வந்தது. படத்தில் சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் வட்டத் தட்டைப் பாருங்கள்: சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் ஒரே ஆள் பின்வாலைப் பிடித்து முழுச் சுற்றும் திருப்பிவிடலாம். 1914இல் இருந்த 18 பவுண்டர் பீரங்கிக்கு அந்தத் தட்டு கிடையாது.

வாசகர், ராயபுரம்