அந்த 4 புள்ளிகளும் இந்த 4 புள்ளிகளும்: என்பிஏ விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அன்றாடம் அந்நாட்டின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டங்களை அலசும் முன்னாள் வீரர்களுக்கும் விமர்சகர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு வீரரைப் பற்றிச் சொல்வது ஒரே நாளில் இங்கே எங்கள் வாட்ஸப் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பையன்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரிய வீரர் ஒருவர் பிளேஆஃப்பில் (சீசன் முடிவில், முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணி முன்னேறும் சுற்றுகளில்) சொதப்பியதும் நீங்கள் எழுப்பும் கேள்வி ஒன்றுதான்: காயம் என்பதெல்லாம் ஒரு சாக்கா? அதற்கு நீங்கள் தரும் பதில் பெரும்பாலும் ஸ்கோர் போர்டைப் பார்த்துத்தான் வருகிறது. ஜெயித்தால் வீரம், தோற்றால் சாக்கு.

1970 ஃபைனல்ஸின், அதாவது இறுதிச் சுற்றின், ஏழாவது ஆட்டத்தை நீங்கள் அடிக்கடி நினைவுகூர்கிறீர்கள். தொடைத் தசை கிழிந்த வில்லிஸ் ரீட் நொண்டிக்கொண்டே களத்துக்குள் வந்தார். நிக்ஸ் அணியின் முதல் இரண்டு கூடைகளையும் அவரே போட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தமே 4 புள்ளிகள். அன்று 36 புள்ளிகளும் 19 அசிஸ்ட்டுகளும் (சக வீரர் கூடை போட வழிவகுத்த பாஸ்கள்) எடுத்து அணியைக் கரையேற்றியவர் வால்ட் ஃப்ரேசியர். நிக்ஸ் 113-99 என்று லேக்கர்ஸை வென்றது. ரீடின் அந்த 4 புள்ளிகள் இன்றுவரை வீரத்துக்கு உதாரணம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அவர் அந்தப் புகழுக்கு உரியவர்தான்.

இப்போது 2025 ஜூன் 16, ஓக்லஹோமா சிட்டி, ஃபைனல்ஸின் ஐந்தாவது ஆட்டம். இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு வலது கெண்டைக்காலில் தசைப்பிடிப்புக் காயம். களத்திலிருந்து 6 முறை எறிந்தார், ஒன்றுகூட விழவில்லை. ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதலில்) வந்த 4 புள்ளிகள்தான் கணக்கு. பேசர்ஸ் தோற்றது. ரீடுக்கும் 4, இவருக்கும் 4. ஒருவருக்குக் கைகொடுக்க ஃப்ரேசியர் இருந்தார், மற்றவருக்கு அன்று அப்படி யாரும் அமையவில்லை. வலியை நீங்கள் அளப்பது கூட ஆடுகிறவரின் ஆட்டத்தை வைத்துத்தான் என்றால், அது என்ன அளவுகோல்?

ஹாலிபர்ட்டனின் கதை அதோடு நிற்கவில்லை. ஆறாவது ஆட்டத்தில் 14 புள்ளிகள் எடுத்தார், அணி வென்றது. ஏழாவது ஆட்டம் இந்திய நேரப்படி காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. முதல் கால்பகுதியிலேயே மூன்று த்ரீ பாயின்ட்டர்கள், 9 புள்ளிகள். அப்புறம் அதே வலது காலில் அக்கிலீஸ் நாண் அறுந்து தரையில் விழுந்தார். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டி வைத்திருப்பதே அந்த நாண்தான். அடுத்த சீசன் முழுவதும் போனது. ஆனாலும் மறுபடி வாய்ப்பு வந்தால் இதையேதான் செய்வேன் என்று எழுதினார்.

2019-ல் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்ட்டுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்தார். எப்போது வருவார், ஏன் இன்னும் வரவில்லை என்ற பேச்சு ஓயவே இல்லை. டொராண்டோவில் ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்தார், 12 நிமிடங்களில் 11 புள்ளிகள் எடுத்தார், அக்கிலீஸ் போனது. அந்த அணியின் பொது மேலாளர் பாப் மையர்ஸ் கண்ணீரோடு, பழி சொல்ல ஆள் வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அந்தப் பழியில் எவ்வளவு ஏற்றுக்கொண்டார்கள்?

சரி, காயம் இருந்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டுமா? வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த வீரரை வைத்தே சொல்கிறேன்.

ஃபிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட், 2023. முதல் சுற்றில் ப்ரூக்ளினுக்கு எதிராக வலது முழங்காலில் லிகமென்ட் காயம். இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது அவருக்கு அறிவிக்கப்பட்ட மறுநாளே பாஸ்டனில் களமிறங்கினார். அந்தக் காலோடுதான் ஐந்தாவது ஆட்டத்தில் 33 புள்ளிகள் எடுத்து அணியை 3-2 என்று முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஐந்தே நாள் கழித்து, ஏழாவது ஆட்டத்தில் 18 எறிந்து 5 மட்டும் போட்டார், 15 புள்ளிகள். மூன்றாவது கால்பகுதியை பாஸ்டன் 33-10 என்று சுருட்டியது. கடைசியில் 112-88.

முழங்காலைக் காட்டி அந்த இரவு முழுவதையும் என்னால் நியாயப்படுத்த முடியாது. காயப்பட்ட மூட்டு ஒருநாள் போல ஒருநாள் இருக்காது, ஆட ஆட வீங்கும், உண்மை. அவர் உயரம் தாவவில்லை, டிஃபன்ஸில் பக்கவாட்டில் நகரத் தடுமாறினார் என்றால் அதைக் காலின் கணக்கில் எழுதலாம். ஆனால் தோற்ற பிறகு நானும் சக வீரர் ஹார்டனும் மட்டும் ஜெயித்துவிட முடியாது என்ற பொருளில் பேசினாரே, அதைக் காலின் கணக்கில் எழுத முடியாது. அது தலைவராக இருக்க வேண்டியவரின் தவறு. அதைக் கடுமையாகவே சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நான் எதிர்ப்பது அதற்கு மேல் போய், பிளேஆஃப் என்றாலே இவர் பயந்துவிடுவார் என்று நீங்கள் சொல்வதை. 2021-ல் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்த நிலையில் ஆடினார். 2022-ல் கண்குழி எலும்பு முறிவோடும் கட்டைவிரல் லிகமென்ட் கிழிவோடும் ஆடினார். 2024-ல் இடது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாமல், முகவாதத்தால் (பெல்ஸ் பால்ஸி) முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்த நிலையில், நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார். இவர் பயந்தவரா? அடுத்த சீசனில் 19 ஆட்டங்களோடு அந்தக் கால் அவரை உட்கார வைத்துவிட்டது.

ஆடாமல் இருந்தவரையும் நீங்கள் விடவில்லை. 2017-18 சீசனில் காயத்தால் காவாய் லெனார்ட் 9 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார், எவ்வளவு ஏச்சு! அடுத்த ஆண்டு அவர் மாறிப்போன டொராண்டோ அணி அவரை ஓய்வு கொடுத்துக் கொடுத்து 60 ஆட்டங்களில் ஆட வைத்தது. கோப்பையும் ஃபைனல்ஸ் எம்விபியும் கிடைத்தன.

உங்களில் பலர் ஊசி போட்டுக்கொண்டு ஆடியவர்கள். கெண்டைக்கால் வலித்தால் முதலில் எந்த அசைவு போகும், முழங்கால் வீங்கினால் எந்தப் பக்கம் திரும்ப முடியாது என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். அடுத்த பிளேஆஃப்பில் காயப் பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் களமிறங்கும்போது, ஆட்டம் தொடங்கும் முன்பே அதை எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். முடிந்த பிறகு, அவரால் முடியாமல் போனது எது, முடிந்தும் செய்யாமல் விட்டது எது என்று வீடியோவை ஓடவிட்டுப் பிரித்துக் காட்டுங்கள். இரண்டாவதற்கு எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகன்