பட்டுவாடா முயற்சிக்குச் சாட்சி யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் வழியே வரும் பார்சல்கள் உரிய நாளில் வீடு வந்து சேராதது பற்றிப் பலரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். தாமதம் ஒரு குறைதான் என்றாலும் மழை, வண்டிப் பழுது, பண்டிகைக்கால நெரிசல் என்று அதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பொறுத்துக்கொள்ளவும் நாம் பழகிவிட்டோம். நான் எழுத வந்தது வேறொரு குறையைப் பற்றி. நாள் முழுவதும் வீட்டில் ஆள் இருந்தும், அழைப்பு மணி ஒலிக்காமலும் கைப்பேசிக்கு ஓர் அழைப்புகூட வராமலும் பொழுது போன பிறகு, கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால் ‘பட்டுவாடா முயற்சி மேற்கொள்ளப்பட்டது, பெறுநர் வீட்டில் இல்லை’ என்று பதிவாகியிருக்கிறது. பார்சல் வராத ஏமாற்றம் ஒருபுறம் இருக்கட்டும். அது வராததற்குப் பழி என் மேல் எழுதப்பட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஒரு வரியால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். அடுத்து நடப்பவை எல்லாம் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகின்றன. பார்சலை அஞ்சலகத்தில் எத்தனை நாள் வைத்திருப்பது, எந்த நாளில் அனுப்புநருக்குத் திருப்புவது என்ற கணக்கு முதல் முயற்சி பதிவானதிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. அனுப்பிய நிறுவனத்திடம் முறையிட்டால், அவர்களும் அதே பதிவைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் வீட்டில் இல்லையாமே என்கிறார்கள். நடக்காத ஒரு முயற்சி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் தலையில் விழுகிறது. வீட்டில் இருந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்?

கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் அறிவிப்புச் சீட்டையும் சற்றுக் கவனிக்க வேண்டும். இப்போது என் மேசை மீது இருக்கும் சீட்டில் பெறுநர் பெயர், பார்சல் எண், தேதி, நேரம், காரணம், ஊழியர் கையொப்பம் என்று அச்சிட்ட கட்டங்கள் இருக்கின்றன. தேதி எழுதப்பட்டிருக்கிறது, கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது, நேரமும் காரணமும் வெறுமையாக இருக்கின்றன. பார்சல் எண்ணின் நடுவில் உள்ள ஓர் இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. கவுண்டரில் இருந்தவர் அதை ஏழு என்று எடுத்துக்கொண்டு தட்டச்சு செய்ததும், எண் செல்லாது என்று கணினி மறுத்துவிட்டது. ஒன்று என்று மாற்றிய பிறகே பார்சலின் விவரம் திரையில் வந்தது.

கணினி அப்படி மறுத்ததற்குக் காரணம் உண்டு. பன்னாட்டு அஞ்சலில் பயன்படும் எஸ் 10 என்னும் தர வடிவத்தில் பார்சல் எண்ணுக்கு 13 இடங்கள்: முதலில் சேவை வகையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், அடுத்து எட்டு இலக்க வரிசை எண், அதன்பின் ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து அந்தச் சரிபார்ப்பு இலக்கம் பெறப்படுகிறது. எண்ணை எழுதுகையில் ஓர் இலக்கம் பிசகினால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். ஓர் இலக்கம் தவறக்கூடாது என்பதற்கு இத்தனை கவனம் எடுத்துக்கொண்டவர்கள், ‘பெறுநர் இல்லை’ என்று பதிவு செய்யும்போது அது உண்மைதானா என்று சரிபார்க்க ஒரு வழியையும் வைக்கவில்லை. ஊழியர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது உண்மையாகிவிடுகிறது.

அந்தப் பொத்தானின் விளைவு உள்ளூரோடு நிற்பதுமில்லை. 1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே பிறந்த உலக அஞ்சல் ஒன்றியம், நாடுகளுக்கிடையே பார்சலின் நகர்வைத் தெரிவிக்கப் பொதுவான குறியீடுகளை வகுத்திருக்கிறது. பட்டுவாடா முடிந்தது என்பதற்கு இ.எம்.ஐ. என்றும், பட்டுவாடா நிறைவேறவில்லை என்பதற்கு இ.எம்.எச். என்றும் குறிகள் உள்ளன. நிறைவேறாததன் காரணமும் ஒரு குறியீடாகவே செல்கிறது. ஆகவே தெருமுனைக்குக்கூட வராத ஒரு பார்சலைப் பற்றி, ஆள் இல்லை என்ற செய்தி கடல் கடந்து அனுப்புநரின் திரையிலும் போய் நிற்கிறது. அயல்நாட்டில் இருப்பவருக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

புகார் கொடுக்கப் போனால்தான் பெறுநரின் நிலை முழுவதுமாக விளங்குகிறது. அஞ்சல் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர், கட்டணம் செலுத்திய அனுப்புநர்தான். பெறுநர் அதில் ஒரு முகவரி மட்டுமே. பன்னாட்டுப் பார்சல் தொலைந்தால் அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விசாரணை கோரலாம் என்று உலக அஞ்சல் உடன்படிக்கை சொல்கிறது. இழப்பீட்டு உரிமையும் முதன்மையாக அனுப்புநருக்கே. அவர் விட்டுக்கொடுத்தால் பெறுநர் அதைக் கோரலாம். சட்டக் கண்ணோட்டத்தில் இதில் பிழை காண முடியாது. நடைமுறையில், அஞ்சலகம் ‘அனுப்பியவரை எழுதச் சொல்லுங்கள்’ என்கிறது, அனுப்பியவர் ‘உங்கள் அஞ்சலகத்தில் கேளுங்கள்’ என்கிறார், பெறுநர் இருவருக்கும் நடுவே பந்தாக உருட்டப்படுகிறார். பொருளுக்கான விலையையும், பல நேரங்களில் அனுப்பும் செலவையும் கொடுத்தவர் அவர்தான் என்பதை ஏனோ எந்தத் தரப்பும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் தபால்காரரின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அஞ்சல் பட்டுவாடா கடிதத்துக்காக அமைக்கப்பட்ட ஒன்று. கடிதம் பெட்டியின் துவாரத்தில் நுழைந்துவிடும், வீட்டில் ஆள் இருக்கிறாரா என்ற கேள்வியே எழாது. பார்சல் அப்படியல்ல, அதற்கு ஒரு கதவு திறக்க வேண்டும், ஒரு கை நீள வேண்டும், சிலவற்றுக்குக் கையொப்பமோ ஓ.டி.பி.யோ வேண்டும். நாடுகளுக்கிடையே பார்சல் பரிமாற்றத்துக்கான ஒப்பந்தம் 1880இல் பாரிசில் உருவானது. பிரிட்டனில் பார்சல் அஞ்சல் 1883 ஆகஸ்ட் 1 அன்றும், அமெரிக்காவில் 1913 ஜனவரி 1 அன்றும் தொடங்கின. அன்று பார்சல் என்பது கடிதக் கட்டோடு கூட வரும் ஓரிரு பொதி. இன்று கடிதம் அருகிவிட்டது, இணைய வணிகத்தால் பையில் நிறைந்திருப்பது பார்சல். ஆனாலும் ஒருவர் ஒரு நாளில் சுற்றிவர வேண்டிய வீடுகளின் எல்லை பல இடங்களில் கடிதக் காலத்துக் கணக்கிலேயே இருக்கிறது. மூன்றாம் மாடிக்கு ஏறி, மணியடித்து, காத்திருந்து, கையொப்பம் வாங்கி இறங்குவதற்கு ஆகும் நேரத்தில் முன்பு ஒரு தெருவுக்கே கடிதம் கொடுத்துவிடலாம்.

பட்டுவாடாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டதாகக் காலையில் மொத்தமாக ஸ்கேன் செய்யப்படும் பார்சல்கள் ஒவ்வொன்றுக்கும் மாலையில் ஏதேனும் ஒரு முடிவு பதிவாக வேண்டும். கொடுத்தாயிற்று, முகவரி தவறு, பெறுநர் மறுத்தார், பெறுநர் இல்லை என்று பட்டியல் நீளும்போது, ‘நேரம் போதாததால் அந்தத் தெருவுக்குச் செல்ல இயலவில்லை’ என்ற தேர்வு அதில் இல்லாமற்போனாலோ, இருந்தும் அதைத் தேர்ந்தெடுப்பவர் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத நேர்ந்தாலோ, வேலை முடித்து வீடு திரும்ப வேண்டிய ஒரு மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? எந்தக் காரணம் யாரிடமும் விளக்கம் கேட்காதோ அதைத்தான். பெறுநர் இல்லை என்று எழுதினால் துறையின் மீது குறை இல்லை, ஊழியர் மீது குறை இல்லை, முயற்சி குறித்த நாளில் நடந்ததாகவும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பொய் எழுதுவது மிக எளிதாகவும் மெய் எழுதுவது தொல்லையாகவும் அமைந்த ஓர் ஏற்பாட்டில் தனிமனிதரைத் திட்டிப் பயனில்லை. தனியார் கூரியர்காரர்கள் மதிலுக்கு மேலே பெட்டியை வீசிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதையும் பார்க்கத்தான் செய்கிறோம். அதை நல்ல பட்டுவாடா என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே நான் கேட்பது முதலில் உண்மையான காரணத்தைப் பதிவு செய்ய இடம் வேண்டும் என்பதே. இன்று எடுத்துச் செல்ல இயலவில்லை, நாளை வரும் என்று திரையில் எழுதியிருந்தால் பெரும்பாலானோர் முகம் சுளிக்காமல் மறுநாளுக்குக் காத்திருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் ஊழியருக்குத் தண்டனை இருக்கக்கூடாது. எந்தப் பகுதியில் அது திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கே ஆள் போதவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் துறைக்குக் கிடைக்காது. அடுத்தது, ‘பெறுநர் இல்லை’ என்ற பதிவு அந்த வீட்டு வாசலில் நின்று செய்தால் மட்டுமே ஏற்கப்பட வேண்டும். ஊழியர்கள் கையில் இருக்கும் கருவிகளில் இருப்பிடத்தைக் காட்டும் வசதி இருக்கும்போது, அந்த இருப்பிடமும் நேரமும் பதிவோடு சேர்ந்து பெறுநருக்குத் தெரிவதில் என்ன தடை என்று விளங்கவில்லை. வாசலைப் படமெடுத்து இணைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். வீட்டின் தோற்றமும் வாசலில் நிற்பவர்களும் எந்தக் கணினியில் எத்தனை காலம் இருப்பார்கள் என்று தெரியாத நிலையில் எனக்கு அதில் தயக்கமே மிகுதி. இருப்பிடமும் நேரமும் போதும்.

வீட்டில் உண்மையிலேயே ஆள் இல்லாத நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் பகலில் பூட்டித்தான் கிடக்கும். பகலில் அலுவலகத்தில் இருந்ததால் பார்சலை வாங்க முடியாதவரிடம், பகலில் மட்டும் திறந்திருக்கும் கவுண்டருக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வதைப் போன்ற வேடிக்கை வேறில்லை. அமெரிக்க அஞ்சல் துறை 3849 என்ற எண்ணுள்ள படிவத்தைக் கதவில் விட்டுச் செல்கிறது. அதைக் கொண்டு மீண்டும் ஒரு நாள் குறித்துக் கொண்டுவரச் சொல்லலாம், பொதுவாக 15 நாள் வரை பார்சல் காத்திருக்கும். பிரிட்டனில் 2012இல் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்ல அனுமதி வழங்கப்பட்டபோது, அதை விரும்பாதவர்கள் கதவில் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லையும் ஏற்பாடாயிற்று. பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களையும் நினைத்துப் பார்த்த அந்த வில்லையை நான் மெச்சுகிறேன். ஜெர்மனியில் 2001 முதலே தானியங்கிப் பார்சல் பெட்டகங்கள் இருக்கின்றன. குறியீட்டைக் காட்டி எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டகம் வந்துவிட்டது என்பதற்காக வாசலுக்கு வருவதை நிறுத்திவிடக் கூடாது. நடக்க இயலாத முதியவருக்கும், கைக்குழந்தையோடு தனியே இருப்பவருக்கும், மாதாமாதம் மருந்தை அஞ்சலில் பெறுகிறவருக்கும் பெட்டகம் எத்தனை அருகில் இருந்தாலும் தொலைவுதான்.

திருப்பி அனுப்பும் முன் பெறுநருக்குத் தகவல் எட்டியதா என்று உறுதிப்படுத்திக்கொள்வதும் கட்டாயமாக வேண்டும். பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பெரும்பாலும் கைப்பேசி எண் இருக்கிறது. சீட்டு காற்றில் பறந்திருக்கலாம், மழையில் நனைந்திருக்கலாம், விடப்படாமலேயே இருந்திருக்கலாம். ஒரு குறுஞ்செய்தியாவது போகாமல் எந்தப் பார்சலும் அனுப்புநருக்குத் திரும்பும் வண்டியில் ஏறக்கூடாது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை பார்சல்கள் உரிய நேரத்தில் பட்டுவாடா ஆயின என்ற விவரம் கேட்கப்படும்போதெல்லாம், ‘பெறுநர் இல்லை’ என்று பதிவானவை எத்தனை, அவற்றில் பெறுநர் மறுத்துப் புகார் செய்தவை எத்தனை, அந்தப் புகார்களில் ஊழியர் சென்ற நேரமும் இடமும் சரிபார்க்கப்பட்டவை எத்தனை என்பதையும் சேர்த்துக் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். அந்த எண்ணிக்கை துறையிடம் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் அப்படியே அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்